டிக் போடாத ஒரு பெட்டி

கணினிப் பாதுகாப்பின் வரலாறு என்றால் பெரும்பாலும் வைரஸ்களின் வரலாறாகத்தான் எழுதப்படுகிறது. யார் எழுதினார், எத்தனை கணினிகள் விழுந்தன, யார் பிடிபட்டார் என்று. எனக்குக் கொஞ்ச நாளாக வேறொரு பக்கத்தில் ஆர்வம்: செட்டிங்ஸ். ஒரு மென்பொருளை நிறுவி முடிக்கும்போது எந்தப் பெட்டியில் ஏற்கெனவே டிக் இருக்க வேண்டும், எதில் இருக்கக் கூடாது என்பதை நமக்கு முன்னாடியே யாரோ முடிவு செய்திருப்பார்கள். அந்த முடிவுகளுக்கும் வரலாறு உண்டு. விலை கொடுத்துக் கற்ற பாடம் என்று அதில் ஒன்றைச் சொல்லச் சொன்னால், விண்டோஸ் எக்ஸ்பியின் ஃபயர்வாலைத்தான் சொல்வேன்.

முதலில் கொஞ்சம் பின்கதை. ஃபயர்வால் என்பது கட்டடக்காரர்களின் சொல். ஒட்டி ஒட்டி இருக்கும் கட்டடங்களில் ஒன்றில் தீப்பிடித்தால் அடுத்ததற்குப் பரவாமல் தடுக்க இடையில் எழுப்பும் சுவர். 1988 நவம்பர் 2ஆம் தேதி ராபர்ட் மோரிஸ் என்ற மாணவர் அவிழ்த்துவிட்ட புழு நிரல் இணையத்தில் பரவியது. அன்றைய இணையத்தில் இருந்ததே ஏறத்தாழ 60,000 கணினிகள். அதில் 6,000 வரை பாதிக்கப்பட்டதாகக் கணக்கிட்டார்கள். அதுவரை இணையம் என்பது ஒருவரையொருவர் தெரிந்தவர்கள் வாழும் தெரு மாதிரி. அதற்குப் பிறகுதான் நிறுவனங்கள் தங்கள் வலையமைப்புக்கும் வெளியுலகுக்கும் நடுவில் சுவர் எழுப்புவதைத் தீவிரமாக யோசித்தன. 1990இல் பெல் லேப்ஸைச் சேர்ந்த பில் செஸ்விக் தங்கள் நுழைவாயிலின் வடிவமைப்பை ஒரு கட்டுரையாக எழுதினார். 1994இல் செக் பாயின்ட் நிறுவனம் ஃபயர்வால்-1 என்ற பொருளை விற்க ஆரம்பித்தது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவையெல்லாம் நிறுவனங்களுக்கானவை. சுவருக்கு உள்ளே இருப்பவர் நம்மவர், வெளியே இருப்பவர் அந்நியர் என்ற கணக்கு. சுவரைப் பார்த்துக்கொள்ள என்றே சம்பளம் வாங்கும் ஆள் ஒருவர் இருப்பார். எந்த போர்ட்டைத் திறப்பது, எதை மூடுவது என்று அவருக்குத் தெரியும்.

வீட்டில் அப்படி யார் இருக்கிறார்கள்? 1990களின் கடைசியில் கோடிக்கணக்கான வீட்டுக் கணினிகள் மோடம் வழியாக நேரடியாக இணையத்தில் வந்து நின்றன. சுவரும் இல்லை, காவலாளியும் இல்லை.

2001 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியில் இதற்கு ஒரு பதில் இருந்தது. இன்டர்நெட் கனெக்‌ஷன் ஃபயர்வால் என்று பெயர். அது வேலை செய்யும் விதம் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ச்மேனைப் போன்றது. நீங்கள் போன் போட்டு வரச்சொன்ன ஆள் வந்தால் உள்ளே விடுவார். யாரும் கூப்பிடாமல் வந்து நிற்பவரை வாசலோடு அனுப்பிவிடுவார். உங்கள் கணினி கேட்ட வலைப்பக்கம் உள்ளே வரும். கேட்காமல் வந்து கதவைத் தட்டும் எதுவும் வராது. எளிமையான, உருப்படியான ஏற்பாடு.

ஆனால் அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. போட வேண்டுமென்றால் இணைப்பின் மேல் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் போய், அட்வான்ஸ்டு என்ற பக்கத்தைத் திறந்து, அங்கே இருக்கும் ஒரே ஒரு பெட்டியில் டிக் போட வேண்டும். அதுவும் ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனியாக. அட்வான்ஸ்டு என்று எழுதியிருந்தாலே 'இது நமக்கில்லை' என்று நகர்ந்துவிடுவதுதானே நம் வழக்கம்?

ஏன் அணைத்து வைத்தார்கள்? அலட்சியம் என்று ஒரே வார்த்தையில் முடிப்பது சுலபம். ஆனால் அந்தப் பக்கத்து நியாயத்தையும் பார்க்க வேண்டும். பெட்டியில் டிக் போட்டால் சில வேலைகள் நின்றுபோகும். பக்கத்து அறைக் கணினியிலிருந்து உங்கள் ஃபைலை எடுக்க முடியாது. உங்களோடு இணைக்கப்பட்ட பிரின்டரை மற்றவர் பயன்படுத்த முடியாது. சில ஆன்லைன் விளையாட்டுகள் தகராறு செய்யும். ஒன்று வேலை செய்யவில்லை என்றால் பயனர் அன்றைக்கே கவனிப்பார், திட்டுவார். பாதுகாப்பு இல்லை என்பதையோ, ஏதாவது நடக்கும்வரை யாரும் கவனிக்கப்போவதில்லை. எந்தப் புகார் முதலில் வரும் என்று பார்த்தால், டிக் இல்லாமல் விடுவதுதான் நிம்மதியான முடிவு. 2002 ஜனவரியில் பில் கேட்ஸ் தன் ஊழியர்களுக்கு எழுதிய நீண்ட மின்னஞ்சலில், புதிய வசதிகளைச் சேர்ப்பதா, பாதுகாப்பா என்று வந்தால் பாதுகாப்பையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார். ஆனால் அதற்குள் எக்ஸ்பி கடைகளுக்கு வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன.

தன் கையால் பாதுகாப்பு செய்துகொள்ள நினைத்தவர்கள் ஸோன்அலாரம் போன்ற இலவச ஃபயர்வால்களைப் போட்டுக்கொண்டார்கள். அது இன்னொரு திசையில் போனது: எல்லாவற்றையும் நம்மிடமே கேட்கும். 'ஜெனரிக் ஹோஸ்ட் பிராசஸ் ஃபார் வின்32 சர்வீசஸ்' இணையத்துக்குப் போக விரும்புகிறது, விடலாமா? அது என்ன பிராசஸ் என்று வீட்டில் யாருக்குத் தெரியும்? வேண்டாம் என்று அழுத்தினால் இணையமே போய்விடலாம். வேண்டும் என்று அழுத்தினால் எதற்குச் சம்மதித்தோம் என்று தெரியாது. பத்து முறை கேட்டால் பதினோராவது முறை படிக்காமலே 'சரி' அழுத்துவோம். கேள்வி கேட்டுவிட்டதாலேயே பொறுப்பு பயனர் தலையில் ஏறிவிடுகிறது. பதில் சொல்லும் அறிவு மட்டும் கூடவே வருவதில்லை.

இனி 2003. ஜூலை 16ஆம் தேதி, விண்டோஸின் ஆர்பிசி என்ற சேவையில் இருந்த ஓட்டையை அடைக்க மைக்ரோசாஃப்ட் பேட்ச் வெளியிட்டது. நான்கு வாரம்கூட முழுசாக ஆகவில்லை. ஆகஸ்ட் 11 அன்று பிளாஸ்டர் புழு கிளம்பியது. மின்னஞ்சல் இணைப்பைத் திறக்க வேண்டாம், எதையும் கிளிக் செய்ய வேண்டாம். கணினி இணையத்தில் இருந்தாலே போதும், 135ஆம் எண் போர்ட் வழியாக அது வந்துவிடும். எதிரில் இருப்பது விண்டோஸ் 2000மா எக்ஸ்பியா என்று புழு ஊகிக்கும். ஊகம் தப்பினால் ஆர்பிசி சேவை விழுந்துவிடும். உடனே திரையில் ஒரு பெட்டி வரும்: கணினி 60 விநாடிகளில் மீண்டும் தொடங்கப்படும்.

கொடுமை என்னவென்றால், மருந்தும் இணையத்தில்தான் இருந்தது. பேட்சை இறக்க இணையத்துக்குப் போக வேண்டும். போனால் புழு தட்டும். 60 விநாடியில் கணினி அணையும். டயல்-அப்பில் பேட்ச் இறங்கி முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். விவரம் தெரிந்தவர்கள் ரன் பெட்டியில் 'ஷட்டவுன் -ஏ' என்று அடித்து எண்ணிக்கையை நிறுத்தினார்கள். இதற்கு மைக்ரோசாஃப்ட் தந்த வழிமுறைகளைப் பார்த்தபோதுதான் எனக்கு இந்தக் கதையின் மையம் பிடிபட்டது. எக்ஸ்பி வைத்திருப்போருக்கு அதில் முதல் படியே, உள்ளே இருக்கும் ஃபயர்வாலைப் போடுங்கள், அப்புறம் பேட்சை இறக்குங்கள் என்பதுதான். அதாவது, கவசம் கிட்டத்தட்ட இரண்டு வருஷமாகக் கணினிக்குள்ளேயே கிடந்தது. அந்தப் பெட்டியில் டிக் இருந்திருந்தால் எத்தனையோ எக்ஸ்பி கணினிகளின் வாசலிலேயே பிளாஸ்டர் நின்றிருக்கும், பேட்ச் போடாமல் இருந்தாலும்கூட.

2004 ஆகஸ்டில் எக்ஸ்பியின் சர்வீஸ் பேக் 2 வந்தது. விண்டோஸ் ஃபயர்வால் என்று பெயர் மாறியது. எல்லா இணைப்புகளுக்கும் சேர்த்து, தானாகவே இயங்கும்படி வந்தது. கணினி தொடங்கும்போது வலையமைப்பு விழிப்பதற்கும் ஃபயர்வால் விழிப்பதற்கும் இடையில் இருந்த சிறு இடைவெளியைக்கூட அடைத்தார்கள். சில மென்பொருள்கள் தகராறு செய்தன, புகார்களும் வந்தன. ஆனாலும் டிக் எடுக்கப்படவில்லை. 2001க்கும் 2004க்கும் நடுவில் மக்கள் யாரும் போர்ட் எண்களைப் படித்துத் தேறிவிடவில்லை. மாறியது ஒரு பெட்டியின் ஆரம்ப நிலை மட்டும்தான். அந்தப் பெட்டி இருப்பதே தெரியாதவர்களுக்கும் அது பாதுகாப்பாக அமைந்தது.

அதோடு கதை முடிந்ததா என்றால், இல்லை. லேப்டாப் வந்ததும் 'உள்ளே, வெளியே' கணக்கு குழம்பியது. அதே கணினி காலையில் அலுவலகத்தில், மாலையில் ரயில் நிலைய வைஃபையில். அதனால்தான் விஸ்டா புது வலையமைப்பில் சேரும்போது வீடா, அலுவலகமா, பொது இடமா என்று கேட்டது. பின்னால் அது பிரைவேட், பப்ளிக் என்று இரண்டானது. இதையும் பலர் படிக்காமலே அழுத்துகிறார்கள். பப்ளிக் என்றால் 'என் கணினியை எல்லோருக்கும் திறந்துவிடு' என்று புரிந்துகொள்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். உண்மை நேர்மாறானது: 'சுற்றி இருப்பவர்கள் அந்நியர்கள், கதவைச் சாத்து' என்பதுதான் பப்ளிக். வீட்டில் பிரின்டரையும் ஃபைல்களையும் பகிர வேண்டியிருந்தால் மட்டும் பிரைவேட். சந்தேகம் என்றால் பப்ளிக்கிலேயே விட்டுவிடலாம், ஒன்றும் கெட்டுப்போகாது.

டிக்கோடு வரும் ஃபயர்வாலுக்கும் ஓர் எல்லை உண்டு. அதை 2008 நவம்பரில் வந்த கான்ஃபிக்கர் புழு காட்டியது. அது 445ஆம் போர்ட்டைத் தட்டியது. சர்வீஸ் பேக் 2 போட்ட எக்ஸ்பியில் அந்தக் கதவு இயல்பாகவே மூடித்தான் இருந்தது. ஆனால் ஃபைல், பிரின்டர் பகிர்வுக்காக விதிவிலக்கு கொடுத்திருந்தவர்களுக்கு அதே கதவு திறந்திருந்தது. என்றைக்கோ ஒருநாள், ஒரு பிரின்டுக்காகத் திறந்தது; மூட மறந்தது.

விண்டோஸில் இப்போது ஃபயர்வால் பக்கத்தைத் திறந்தால், 'ஃபயர்வால் வழியாக ஒரு செயலியை அனுமதி' என்றொரு இணைப்பு இருக்கும். அதை அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். எப்போதோ அவசரத்தில் நாம் 'சரி' சொன்னவை பல அங்கே வரிசையாக நிற்கும். அழித்துவிட்ட விளையாட்டு, இரண்டு வருஷமாகத் திறக்காத வீடியோ மென்பொருள், பெயரே மறந்துபோன ஏதோ ஒன்று. ஃபயர்வால் இயங்குகிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், வருஷத்துக்கு ஒருமுறை இந்தப் பட்டியலையும் பாருங்கள். தெரியாத பெயர் இருந்தால் டிக்கை எடுத்துவிடுங்கள். உண்மையிலேயே தேவையென்றால் பிறகு மறுபடியும் டிக் போட்டுக்கொள்ளலாம்.