தாக்கரே என்ற யார்க்‌ஷயர்ப் பெயர்

இன்றைக்கு ஒரே ஒரு பெயரைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். நீங்கள் எல்லோரும் கேள்விப்பட்ட பெயர்தான்: தாக்கரே.

சில ஆண்டுகளுக்கு முன் என்னோடு வேலை பார்த்த ஒரு மராட்டிய நண்பரிடம் மும்பை அரசியல் பேசிக்கொண்டிருந்தபோது இந்தப் பெயரைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "நீங்கள் சொல்வது ஆங்கில நாவலாசிரியர் பெயர். எங்கள் ஊர்க்காரர் பெயர் இது இல்லை" என்றார். மராட்டியில் அதை நாக்கை மடித்து, மூச்சு விட்டு, 'டாக்ரே' என்பதுபோல் சொல்ல வேண்டும். ஆங்கில எழுத்தில் 'டி', 'எச்' என்று சேர்ந்து வந்ததைப் பார்த்து, நம் பத்திரிகைகள் 'த' போட்டுவிட்டன. தாகூருக்கும் ஏறக்குறைய இதே கதிதான். வங்காளிகள் வாயில் அது 'டாக்குர்'.

அவர் விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அது எனக்குள் தங்கிவிட்டது. நம் ஆட்கள் ஐம்பது அறுபது வருடமாக ஒரு மராட்டியத் தலைவரை ஆங்கிலேயரின் பெயரால் கூப்பிட்டு வருகிறோம் என்றால், அந்த ஆங்கிலப் பெயருக்கு என்ன பொருள்? தேடிப் போனேன்.

அது ஆங்கிலமே இல்லை. வைக்கிங்குகள் கொண்டுவந்த பழைய நோர்ஸ் மொழிச் சொல். டேனிஷ் படைகள் 866-ஆம் ஆண்டில் யார்க் நகரத்தைப் பிடித்தன. பத்து வருடம் கழித்து, 876-இல், ஹாஃப்டன் என்ற தலைவன் அந்தப் பகுதி நிலத்தைத் தன் ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்தான். அவர்கள் ஏர் பிடித்து உழ ஆரம்பித்தார்கள் என்று ஆங்கிலோ-சாக்சன் காலக்குறிப்பு சொல்கிறது. கொள்ளையடிக்க வந்தவர்கள் குடியானவர்களாகிவிட்டார்கள். குடியானவன் முதலில் செய்கிற வேலை இடத்துக்குப் பெயர் வைப்பது. 'தாக்' என்றால் கூரை, கூரை வேய்கிற நாணல். 'வ்ரா' என்றால் மூலை, ஒதுக்குப்புறம். இரண்டும் சேர்ந்து தாக்ரே: நாணல் வளர்கிற மூலை. ஜெர்மன்காரர்கள் இன்றும் கூரையை 'டாக்' என்கிறார்கள். ஆங்கிலத்தில் ஓட்டுக்குச் சொல்கிற 'டைல்' கூட லத்தீன் வழியாக இதே வேரிலிருந்து வந்ததுதான். ஓலைக் கூரைக்கும் ஓட்டுக் கூரைக்கும் வேர் ஒன்று! இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அந்த மூலை யார்க்‌ஷயரில், வாஷ்பர்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கில், கிரேட் டிம்பிள் என்ற சிற்றூரின் எல்லைக்குள் இருந்தது. அங்கிருந்து கிளம்பியவர்களை வெளியூர்க்காரர்கள் 'தாக்ரேக்காரன்' என்று அடையாளம் சொல்ல, அதுவே குடும்பப்பெயராக ஒட்டிக்கொண்டது. 1870களில் லீட்ஸ் நகரத்தின் குடிநீருக்காக அந்தப் பள்ளத்தாக்கில் அணைகள் கட்டினார்கள். பெயர் பிறந்த இடம் இன்று ஃப்யூஸ்டன் நீர்த்தேக்கத்தின் அடியில் கிடக்கிறது.

ஊர் முழுகினாலும் பெயர் யார்க்‌ஷயரை விட்டு அதிகம் நகரவில்லை. அரிதான பெயர்தான். ஆனால் லீட்ஸ் பக்கம் போனால் தாக்ரே, தாக்ரா, தாக்வ்ரே என்று பல எழுத்துக்கூட்டல்களில் இருக்கிறது. 'தாக்வ்ரே'யில் அந்தப் பழைய 'வ்ரா'வின் 'வ' அப்படியே மிச்சமிருப்பதைக் கவனியுங்கள். லீட்ஸ் மருத்துவர் சார்லஸ் டர்னர் தாக்ரா, எந்தத் தொழில் செய்தால் எந்த நோய் வருகிறது என்று ஆலைத் தொழிலாளர்களைப் பார்த்து 1831-இல் ஒரு நூல் எழுதினார்; தொழில்சார் மருத்துவத்தின் முன்னோடிகளில் ஒருவர். அதே நகரத்தில் தாக்ரே மருத்துவ அருங்காட்சியகம் இருக்கிறது. அது இவர் பெயரில் அமைந்தது அல்ல, மருத்துவக் கருவிகள் செய்த இன்னொரு தாக்ரேயின் பெயரில்.

பெயரை உலகத்துக்குக் கொண்டுபோனது ஒரு கிளைதான், அதுவும் நம் நாட்டின் வழியாக. ஹாம்ப்ஸ்வைட் என்ற யார்க்‌ஷயர்க் கிராமத்தில் 1693-இல் பிறந்த தாமஸ் தாக்கரே, ஹாரோ பள்ளியின் தலைமையாசிரியரானார். அவர் மகன் வில்லியம் மேக்பீஸ் தாக்கரே கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்து சில்ஹெட் போனார். அங்கே யானை பிடித்துக் கம்பெனிக்கு விற்றார். இவருடைய மகன்கள் பலர் இந்தியாவுக்கே வந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் தெற்கே வந்தார்கள்.

ஒருவர் வில்லியம். மதராஸ் சிவில் சர்வீஸ். தாமஸ் மன்றோவின் உதவியாளர். ஜமீன்தார் வேண்டாம், பயிரிடுகிறவனிடமே நேராக வரி வாங்கலாம் என்ற ரயத்துவாரி முறையை ஆதரித்து இவர் 1807-இல் எழுதிய அறிக்கை, பின்னால் மதராஸ் மாகாணத்து நிலவரிக் கொள்கையில் தாக்கம் செலுத்தியது. நம் தாத்தாக்கள் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்த பட்டாவில் இந்த நாணல் மூலைக்காரருக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

இன்னொருவர் செயின்ட் ஜான் தாக்கரே. தார்வாரில் கலெக்டர். கித்தூர் அரசர் இறந்ததும் தத்துப் பிள்ளையை ஏற்க மறுத்துப் படையோடு போனார். 1824 அக்டோபர் 23 அன்று ராணி சென்னம்மாவின் ஆட்கள் அவரைக் கொன்றார்கள். கன்னடர்களுக்குத் தாக்கரே என்றால் முதலில் நினைவுக்கு வருவது இவர்தான்.

இவர்களின் அண்ணன் தம்பிகளில் ஒருவர் ரிச்மண்ட், கல்கத்தாவில் அதிகாரி. அவர் மகன்தான் நாவலாசிரியர். தாத்தாவின் பெயரையே முழுதாக வாங்கிக்கொண்டு 1811-இல் கல்கத்தாவில் பிறந்தார். நாலு வயதில் அப்பா போய்விட, ஐந்து வயதில் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். கப்பல் வழியில் செயின்ட் ஹெலினாவில் நின்றபோது சிறையிருந்த நெப்போலியனைப் பார்த்தாராம். 1847இல் 'வேனிட்டி ஃபேர்' தொடராக வர ஆரம்பித்தது. படங்களையும் அவரே வரைந்தார். அதுவரை எப்படி வேண்டுமானாலும் எழுதப்பட்ட பெயருக்கு, உலகம் அடையாளம் காணும் ஓர் எழுத்துக்கூட்டல் கிடைத்தது.

அந்த எழுத்துக்கூட்டல்தான் பன்வேலுக்கு வந்தது. கேசவ் சீதாராம் தாக்கரே, பால் தாக்கரேயின் அப்பா, 1885-இல் பிறந்தவர். சாதி, வரதட்சணை எல்லாவற்றையும் எதிர்த்து எழுதியவர். 'பிரபோதன்' என்ற பத்திரிகை நடத்தியதால் பிரபோதன்கார் என்று பெயர் பெற்றார். அவர் தன்வரலாற்றில் சொல்கிற கணக்குப்படி, முன்னோர் ஒருவர் டோடப் கோட்டையின் காவலர் என்பதால் குடும்பம் டோடப்கர் ஆனது. தாத்தா பன்வேலில் குடியேறினார். அப்பா பன்வேல்கர் என்று வைத்துக்கொண்டார். மகனைப் பள்ளியில் சேர்க்கும்போது குடும்பத்தின் இன்னும் பழைய பெயர் என்று 'டாக்ரே'யைக் கொடுத்தார். நாவலாசிரியர் மேல் பற்றுள்ள மகன், ஆங்கிலத்தில் எழுதும்போது அவருடைய எழுத்துக்கூட்டலையே எடுத்துக்கொண்டார். அங்கேதான் இரண்டு பெயர்களும் முட்டிக்கொண்டன.

அவர் மகன் பால் தாக்கரேயும் படம் போடுகிறவர். 'ஃப்ரீ பிரஸ் ஜர்னல்' நாளிதழில் கேலிச்சித்திரக்காரர். அதே அலுவலகத்தில் வேலை பார்த்தவர் ஆர்.கே. லக்ஷ்மண், மைசூரில் பிறந்த தமிழர். 1960-இல் பால் தாக்கரே 'மார்மிக்' வார இதழைத் தொடங்கினார். மும்பை நிறுவனங்களில் வேலை பார்க்கும் தென்னிந்தியர்களின் பெயர்களை அது பட்டியல் போட்டு வெளியிட்டது. 1966-இல் சிவசேனை. லுங்கி கட்டியவர்களை விரட்டு என்ற முழக்கம் நம் ஆட்களைப் பார்த்து எழுப்பப்பட்டதுதான்.

டென்மார்க்கிலிருந்து வந்தவன் ஒரு மூலைக்கு வைத்த பெயர். அங்கிருந்து கிளம்பிய குடும்பம் கல்கத்தா, மதராஸ், தார்வார் என்று பிழைக்கப் போய்ச் சுமந்த பெயர். கடைசியில் வெளியூர்க்காரனே போ என்று சொன்ன இயக்கத்தின் பெயர்ப்பலகையில் போய் நின்றது. இதில் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கசப்பும் வருகிறது. மாட்டுங்காவிலும் தாராவியிலும் அந்த நாட்களில் வாழ்ந்தவர்களுக்குச் சிரிப்பு வராது, அது எனக்குத் தெரியும்.

இதையெல்லாம் சேர்த்து எடுத்துக்கொண்டு அந்த மராட்டிய நண்பரிடம் போய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "உங்கள் குடும்பப்பெயர் என்ன?" என்றார். இந்த நாட்டு விண்ணப்பத்தில் அப்பா பெயரை எழுதியிருக்கிறேன் என்றேன். "உங்கள் அப்பாவுக்கு?" அவருடைய அப்பா பெயர், ஒற்றை எழுத்தில். "உங்கள் பிள்ளைகளுக்கு?" என் பெயர்.

"மூன்று தலைமுறை, மூன்று பெயர்" என்றார். "டோடப்கரும் பன்வேல்கரும் தேவலாம்."

அவ்வளவுதான் என் பேச்சு. கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.