'கே' என்னும் எழுத்துக்குள் ஓர் அரபுச் சொல்

பொட்டாசியத்தின் குறியீடு 'கே' என்று பாடநூலில் கண்டு நம் பிள்ளைகள் வியப்பதுண்டு. ஆங்கிலப் பெயரில் அவ்வெழுத்தே இல்லையே! விடை அரபு மொழியில் உள்ளது.

உவர்நிலச் செடிகளை எரித்துப் பெற்ற சாம்பலை அரபியர் 'அல்-கலீ' என்றழைத்தனர். சவர்க்காரமும் கண்ணாடியும் செய்ய அது பயன்பட்டது. அரபு வேதியியல் நூல்கள் இலத்தீனில் பெயர்க்கப்பட்ட காலத்தில் அச்சொல்லும் ஐரோப்பாவை அடைந்து 'அல்கலி' ஆயிற்று.

1807இல் இலண்டனில் ஹம்ப்ரி டேவி மின்சாரத்தைச் செலுத்தி இத்தனிமத்தைப் பிரித்தெடுத்தார். பானையில் காய்ச்சிய மரச்சாம்பலுக்கு வழங்கிய 'பொட்டாஷ்' என்ற பெயரிலிருந்து 'பொட்டாசியம்' எனப் பெயரிட்டார். ஆங்கிலமும் பிரெஞ்சும் அதனையே கொண்டன. ஜெர்மன், டச்சு, சுவீடிஷ் மொழிகளோ அரபு வேரைப் பற்றி 'காலியம்' என்றன. சுவீடன் அறிஞர் பெர்சீலியஸ் வகுத்த குறியீட்டு முறையில் இப்பெயரின் முதலெழுத்தே நிலைபெற்றது.

சோடியத்தை அம்மொழிகள் 'நாட்ரியம்' என்கின்றன. அதனோடு உறவுடைய 'நத்ரூன்' என்னும் அரபுச் சொல்லை எகிப்தின் வாதி நத்ரூன் பள்ளத்தாக்கு இன்றும் தாங்கி நிற்கிறது. எனினும் அது அரபியர் ஆக்கிய சொல்லன்று. பண்டை எகிப்தியரிடமிருந்து கிரேக்கர் வழியாக வந்தது.

ஆகவே இவ்வரலாறு வெறும் பெருமை பேசுவதற்கன்று. முன்னோர் பிறரிடம் தயங்காது கற்றனர். கற்றதை வளர்த்துப் பிறர்க்கு ஈந்தனர். நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித்தர வேண்டியது அந்தப் பண்பையே.