எந்த புக் வாங்கலாம்? - 1928 சொல்லும் பதில்

"குவாண்டம் மெக்கானிக்ஸுக்கு எந்த புக் வாங்கலாம்ணே?"ன்னு சித்தி பையன் கேட்டான். எனக்கு சட்டுனு ஞாபகம் வந்தது 1928-ம் வருஷத்து சென்னை.

அப்போ மாநிலக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர் எஸ். சந்திரசேகர். ஆர்னால்ட் சோமர்ஃபெல்ட் எழுதிய, அணு அமைப்பும் நிறமாலைக் கோடுகளும் பற்றிய புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்தார். 1919-ல் முதலில் வந்த அதுதான் அந்தத் துறைக்கே வேதம். அந்த சோமர்ஃபெல்டே சென்னைக்கு வர, நம்மாளு நேரா ஓட்டலுக்கே போய்ப் பார்த்துட்டார்.

பெருமையா புத்தகத்தைப் பத்திச் சொன்னா, எழுதினவரே குண்டு போடுறார்: அதுக்கப்புறம் இயற்பியலே மாறிப்போச்சாம்! 1925-ல் ஹைசன்பர்க், 1926-ல் ஷ்ரோடிங்கர்... எலக்ட்ரான் சுற்றும் வட்டப்பாதைக் கணக்கெல்லாம் பழங்கதை.

ஆனா மனுஷன் வெறுங்கையோட அனுப்பலை. ஃபெர்மி-டிராக் புள்ளியியலை வைத்து உலோக எலக்ட்ரான்கள் பற்றி எழுதிய தன் கட்டுரையின் ப்ரூஃபைக் கொடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டு சந்திரசேகர் எழுதிய கட்டுரை 1929-ல் ராயல் சொசைட்டி இதழில் வந்தது. 1930-ல் கப்பலில் இங்கிலாந்து போகும்போது, அதே புள்ளியியலை வெள்ளைக் குள்ள விண்மீன்களுக்குப் போட்டுப் பார்த்தார். 1983-ல் நோபல்.

பழைய புத்தகம் வீணா? இல்லைங்க. அதை ஊன்றிப் படிச்சதாலதான் அந்த ப்ரூஃப் அவருக்குப் புரிஞ்சுது.

நானும் மலிவா கிடைச்சதேன்னு பழைய புக் ஒண்ணு வாங்கி, ஒரு செமஸ்டர் முழுக்க வட்டப்பாதையிலேயே சுத்தினவன். எனக்கு ப்ரூஃப் கொடுக்கத்தான் யாரும் வரலை :-)

தம்பிக்கு சொன்னது: முதல்ல கிரிஃபித்ஸ், பிறகு டிராக். எதுவானாலும் எந்த வருஷத்துப் பதிப்புன்னு பார்த்துட்டு காசைக் கொடு!