பழங்கதை மருத்துவக் கோப்பில் இடம்பெற்ற வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, முதியவர்கள் ஓயாமல் பழங்கதை பேசுவது மூளை தளர்ந்துவருவதன் அடையாளம் என்றே அமெரிக்க மருத்துவர்கள் பலர் கருதினர். தாத்தா பாட்டியிடம் வளர்ந்த ராபர்ட் பட்லர் என்ற மனநல மருத்துவர் 1963இல் வெளியிட்ட கட்டுரை இக்கருத்தை அசைத்தது. சாவு நெருங்குவதை உணரும் மனம் கடந்த வாழ்வைத் திரும்பிப் பார்த்து, ஆறாத மனத்தாங்கல்களை மீண்டும் எடுத்து எண்ணிப் பார்ப்பது இயல்பே என்று கூறிய அவர், அதற்கு ‘வாழ்க்கை மீள்நோக்கு’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். இந்த மீள்நோக்கு சிலருக்கு மன அமைதியைத் தருவது போலவே வேறு சிலரைக் குற்றவுணர்விலும் நம்பிக்கையின்மையிலும் தள்ளிவிடக்கூடும் என்றும் அவர் எச்சரித்திருந்தார். பின்வந்தோர் இந்த எச்சரிக்கையைப் போதிய அளவு நினைவில் கொள்ளவில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது.

மருத்துவரின் இக்கருத்தைக் கையில் எடுத்துப் புழங்கத்தக்க பொருள்களாக மாற்றிய பெருமை பிரிட்டனுக்கு உரியது. 1981இல் ‘ஹெல்ப் தி ஏஜ்டு’ என்ற தொண்டு நிறுவனம், பழைய படங்களின் ஸ்லைடுகளையும் அக்காலத்துப் பாட்டுகளும் ஓசைகளும் பதிந்த ஒலிநாடாக்களையும் இணைத்து, ‘ரீகால்’ என்ற தொகுப்பை முதியோர் இல்லங்களுக்காக வெளியிட்டது. நாடக இயக்குநர் பாம் ஷ்வைட்சர் 1983இல் தொடங்கிய ‘ஏஜ் எக்ஸ்சேஞ்ச்’ குழு, முதியோரின் நினைவுகளைக் கேட்டுப் பதிந்து, அவற்றையே நாடகங்களாக்கி அவர்கள் முன்னே நடித்தது. 1987இல் லண்டன் பிளாக்ஹீத்தில் அக்குழு திறந்த நினைவு மையத்தில், முன்னாளைய வீட்டுச் சாமான்களையும் கடைப் பொருள்களையும் வருவோர் கையிலெடுத்துத் தடவிப் பார்க்க முடிந்தது. பெயரும் தேதியும் மறந்துபோன ஒருவரின் விரல்களுக்குக் கூட வேலை மறக்காமல் இருக்கலாம் என்பதால், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டுவதைக் காட்டிலும் இது எவ்வளவோ மேலானது.

பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டாம் கிட்வுட் 1997இல் எழுதிய நூல், டிமென்ஷியா எனப்படும் மறதிநோய்க்கு ஆளானவரிடம் நோயைக் காண்பதற்கு முன் மனிதரைக் காண வேண்டும் என்று வலியுறுத்தியது. நோயாளியின் தொழில், குடும்பம், பழக்கவழக்கங்கள் ஆகியவற்றைத் தொகுத்துப் பராமரிப்பாளரிடம் தரும் ‘வாழ்க்கைக் கதைப் புத்தகம்’ பரவுவதற்கு இச்சிந்தனை துணைநின்றது. ஆயினும் மறதிநோயாளிகளுக்கான நினைவுகூர்தல் சிகிச்சை குறித்து 22 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளிவந்த, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு, பலன்கள் சிறியவை என்றும் இடத்துக்கு இடம் மாறுபடுபவை என்றும் கண்டது. நோயைத் தணிக்கும் மருந்தாகக் கதையை எடைபோட்டால் இம்முடிவு ஏமாற்றம் தரலாம். ஆனால் கதை முதலில் மாற்றுவது நோயாளியை அன்று, அவரைக் கவனிப்பவரின் பார்வையையே.

நோயாளியின் கதையைக் கவனிப்பவரிடம் சேர்க்கும் இவ்வழக்கத்தின் செம்மையான வடிவத்தை அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் காணலாம். 2013இல் தொடங்கிய ‘மை லைஃப், மை ஸ்டோரி’ திட்டத்தில், எழுதத் தெரிந்த ஒருவர் நோயாளியிடம் உட்கார்ந்து பேசி, அவர் வாழ்வை அவரே சொல்வதுபோல் ஏறத்தாழ 1,000 சொற்களில் எழுதுகிறார். எழுதியதை அவருக்கே வாசித்துக்காட்டி, அவர் சொல்லும் திருத்தங்களைச் செய்து, அவர் ஒப்புதல் தந்த பின்னரே இரத்தப் பரிசோதனை முடிவுகள் இருக்கும் அதே மருத்துவக் கோப்பில் அது சேர்க்கப்படுகிறது. குடும்பத்தாருக்குக் கொடுக்கவும் அவர் கையில் சில படிகள் தரப்படுகின்றன.