கையெழுத்து போட்டாச்சா?

எங்க ஒரகடம் பக்கம் தொழிற்சாலையில் ஒரு பாகம் கை மாறினா, ஜாப் கார்டில் கையெழுத்து விழும். லினக்ஸ் கர்னலிலும் அதே கதைதான்!

1991-ல் பிறந்த லினக்ஸுக்கு, திருத்தத்தை 'பேட்ச்' ஆக்கி மெயிலில் அனுப்பினாலே போதும். 2003-ல் எஸ்சிஓ நிறுவனம், 'எங்க யுனிக்ஸ் சரக்கை லினக்ஸுக்குள்ளே கொடுத்துட்டீங்க'ன்னு ஐபிஎம் மேல் வழக்கு போட்டது. எந்த வரி யார் கை வழியா வந்ததுங்கிற கேள்வி பெரிசாச்சு.

2004 மே மாதம் லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரு வழி சொன்னார். எழுதினவரும், வாங்கி மேலே அனுப்புறவரும் பேட்சுக்கு அடியில் 'சைன்ட்-ஆஃப்-பை' என்று பெயர் போடணும். 'இதைக் கொடுக்க எனக்கு உரிமை இருக்கு' என்பதற்கு அதுதான் சாட்சி. 2005-ல் கிட் வந்த பிறகும் அந்த வரி போகலை.

வழக்கு முடிய 2021 ஆச்சு. முதல் பேட்ச் அனுப்பப்போற தம்பி தங்கைகளே, அந்த ஒரு வரியைச் சடங்குன்னு நினைச்சிடாதீங்க!