மந்திரவாதியின் தொப்பி: டாரட் சீட்டுகள் மாயக்கதை உலகமான வரலாறு

மிலானை ஆண்ட விஸ்கோந்தி, ஸ்ஃபோர்சா குடும்பங்களுக்காக 1450ஐ ஒட்டித் தீட்டப்பட்ட டாரட் கட்டில் 74 சீட்டுகள் இன்று எஞ்சியுள்ளன. 35 நியூயார்க்கின் மோர்கன் நூலகத்திலும், 26 பெர்காமோவின் அக்காதெமியா கராராவிலும், 13 தனியாரிடமும் இருக்கின்றன. சாத்தானும் கோபுரமும் காணாமற்போன நான்கில் அடக்கம். பொன்தகடு ஒட்டிய பின்புலத்தில் பேரரசன், போப்பாண்டவர், குதிரைவீரன் என்று அணிவகுக்கும் இந்த உருவங்கள் நமக்கு மாயக்கதைப் படங்களாகத் தெரிகின்றன. வரையச் சொன்ன பிரபுவுக்கு அவை நாட்டு நடப்பு. பேரரசனும் போப்பும் அவருடைய அரசியலில் நாள்தோறும் தலையிட்டவர்கள். டிராகன்களும் தேவதைகளும் உலவும் இன்றைய டாரட் கட்டுகளை மூல மரபிலிருந்து விலகிய வணிகச் சரக்கு என்று ஒதுக்குவோர் இந்த மாற்றத்தைக் கவனிப்பதில்லை. படம் பெருமளவு அப்படியே இருக்க, அதைச் சுற்றியிருந்த உலகம் மறைந்துபோனதால் விளைந்த மாயம் இதில் பாதி.

டாரட் பிறந்தது சூதாட்டப் பலகைக்கருகில்தான். எகிப்தின் மம்லூக் ஆட்சியிலிருந்து 14ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு வந்த சீட்டுக்கட்டில் கோப்பை, நாணயம், வாள், போலோ மட்டை என நான்கு இனங்கள் இருந்தன. போலோ அறியாத ஐரோப்பியர் கையில் மட்டை வெறுங்கோலாயிற்று. இந்த நான்கு இனங்களில் அமைந்த 56 சீட்டுகளோடு 22 படச்சீட்டுகளை வட இத்தாலியர் சேர்த்தது மற்றவற்றை வெட்டும் துருப்புகளாகப் பயன்படத்தான். குறிசொல்லும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டில்தான் வேர்பிடித்தது என்பதைத் தத்துவப் பேராசிரியர் மைக்கேல் டம்மெட் 1980இல் வெளியிட்ட நூலில் விரிவாக நிறுவியிருக்கிறார்.

இந்த மாற்றத்தைக் காட்ட ஒரே ஒரு சீட்டு போதும். இன்று ‘மந்திரவாதி’ எனப்படும் முதல் துருப்பு, பழைய கட்டுகளில் மேசைமேல் கிண்ணங்களைப் பரப்பி வைத்திருக்கும் சந்தை வித்தைக்காரன். 1781இல் பாரிஸில் கூர் த ஜெபலான் என்ற அறிஞர், டாரட் என்பது எகிப்தியரின் தோத் தெய்வ நூல் என்று எழுதினார். எகிப்தின் சித்திர எழுத்துகளை ஷம்போலியோன் படித்தறிய இன்னும் நாற்பதாண்டுகள் இருந்தன, மறுக்க ஆளில்லை. 1850களில் மறைஞானி எலிஃபாஸ் லெவி 22 துருப்புகளையும் 22 எபிரேய எழுத்துகளோடு இணைத்தார். வித்தைக்காரனின் அகன்ற தொப்பி விளிம்பு அவர் கண்ணுக்கு முடிவிலிக் குறியாகத் தெரிந்தது. 1909இல் வெளிவந்த லண்டன் கட்டில் தொப்பியே இல்லை. தலைக்குமேல் அந்தக் குறி மட்டும் மிதக்கிறது. மேசைமீது கோலும் கோப்பையும் வாளும் நாணயமும். ‘துறவி’ சீட்டின் கதையும் இதுபோன்றதே: மிலான் கட்டில் மணற்கடிகாரம் ஏந்தி நின்ற முதியவர், பின்னாளில் விளக்கேந்தினார். 1971இல் லெட் செப்பெலின் குழு தன் இசைத்தட்டு உறையின் உட்புறத்தில் அவரை மலையுச்சியில் நிறுத்தியபோது, அவர் மாயக்கதைக் கிழவராகவே ஆகிவிட்டிருந்தார்.

அந்த 1909 கட்டைத் திட்டமிட்டவர் ஆர்தர் எட்வர்ட் வெயிட். வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். இருவரும் கோல்டன் டான் என்ற மறைஞானச் சங்கத்தின் வழி வந்தவர்கள். வெளியிட்ட ரைடர் நிறுவனத்தின் பெயரும் வெயிட்டின் பெயரும் கட்டுக்கு நிலைத்தன. ஓவியர் பெயர் பல காலம் விடுபட்டது. சீட்டுகளின் மூலையில் அவர் போட்ட பின்னிய கையெழுத்துதான் சாட்சி. வேலை பெரிது, பணம் சொற்பம் என்று அவரே ஒரு கடிதத்தில் குறைபட்டிருக்கிறார்.

வெயிட்டின் அக்கறை துருப்புகளில். மற்ற 56இல் ஸ்மித்துக்குச் சுதந்திரம் கிடைத்தது என்றே கருத இடமிருக்கிறது. அதுவரை எண்சீட்டுகளில் பெரும்பாலும் ஐந்து கோப்பை, எட்டு வாள் என அடுக்கப்பட்ட பொருள்களே இருந்தன. பெரிய விதிவிலக்கு, 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் செதுக்கப்பட்ட சோலா புஸ்கா கட்டு. அதன் ஒளிப்படங்கள் 1907இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு வந்தன. மூன்று வாள் துளைத்த இதயம் அங்கிருந்து வந்ததே. பத்து வாள்களைச் சுமந்து குனியும் அங்குள்ள மனிதன், ஸ்மித்திடம் பத்துக் கோல்களைச் சுமக்கிறான்.

எனினும் கடன் கொஞ்சம்தான். ஸ்மித் லண்டன் லைசியம் நாடகக் குழுவோடு பழகியவர், ஜமைக்காவில் வளர்ந்து அங்குள்ள அனான்சி சிலந்திக் கதைகளை 1899இல் நூலாக்கியவர். அவர் சீட்டுகள் பலவற்றில் தட்டையான மேடைத்தளம், பின்னால் தொங்குதிரை போன்ற தொடுவானம். கவிழ்ந்த மூன்று கோப்பைகளைப் பார்த்துக் கறுப்புப் போர்வையில் நிற்கும் உருவம். முதுகுக்குப் பின்னே இரண்டு கோப்பை கவிழாமல் நிற்பதை அது காணவில்லை. பெயரில்லாத பாத்திரம், நடுவில் உறைந்த காட்சி. முன்கதையைப் பார்ப்பவரே இட்டு நிரப்ப வேண்டும். ஆடைகளோ எந்த நூற்றாண்டுக்கும் சரியாகப் பொருந்தாத கனவு இடைக்காலம். டோல்கியனின் நாவல்கள் வருவதற்குப் பல்லாண்டு முன்பே மாயக்கதைச் சித்திரத்தின் இலக்கணம் இங்கே தயாராகிவிட்டது.

1971இல் யு.எஸ். கேம்ஸ் நிறுவனம் இக்கட்டை அமெரிக்காவில் பரப்பியபின் வந்த கட்டுகள் அனைத்தையும் இங்கே வகைப்படுத்த இயலாது. இரண்டு போதும். 1986இன் மித்திக் டாரட் கிரேக்கத் தொன்மத்தை எடுத்துக்கொண்டு, இனத்துக்கொரு கதை வைத்தது: கோப்பைகளில் சைக்கியின் காதல், கோல்களில் ஜேசனின் பயணம், வாள்களில் ஓரெஸ்டிஸ், நாணயங்களில் டெடலஸ். ஸ்மித்தின் தனிக்காட்சிகளைத் தொடர்கதையாக்கிய துணிச்சல் பாராட்டத்தக்கது. 1997இன் லார்ட் ஆஃப் த ரிங்ஸ் டாரட்டோ ஒரு நாவலின் பாத்திரங்களையே சீட்டுகளில் அமர்த்தியது. இங்கே, என் மதிப்பீட்டில், குறியீடு சுருங்குகிறது. பெயரும் முடிவும் தெரிந்த நாயகன் சீட்டில் வந்தால், பார்ப்பவர் நாவலை நினைவுகூர்கிறார். தன் கதையை அதில் ஏற்ற இடமிருப்பதில்லை. ஸ்மித்தின் கறுப்புப் போர்வை உருவம் ஆணா பெண்ணா என்பதுகூட உறுதியில்லை.