கூழ்ப்பானை இருந்த அடுப்படியில் பாமாயில்

கம்பங்கூழ் ஒரே நாளில் ஆகிற பண்டம் அல்ல. கம்பில் தண்ணீர் தெளித்துப் பிசறி உரலில் இடிப்பார்கள். உமி கழன்றதும் முறத்தில் புடைத்து, மறுபடி இடித்துக் கொரகொரப்பாக மாவாக்குவார்கள். அந்த மாவைக் கரைத்து ராத்திரி முழுக்கப் புளிக்க விடுவார்கள். மறுநாள் நொய் வேகும் பானையில் அதை ஊற்றித் துடுப்பால் கிண்ட வேண்டும்; கை ஓய்ந்தால் அடிப்பிடித்துவிடும். ஆறியபின் உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டால் இன்னொரு ராத்திரி புளிக்கும். விடிந்ததும் மோரும் உப்பும் சேர்த்துக் கரைத்து, சின்ன வெங்காயத்தைக் கடித்தபடி குடித்துவிட்டுக் காட்டு வேலைக்குப் போனார்கள் பெரம்பலூர், அரியலூர்ச் சீமைச் சனங்கள்.

பழைய திருச்சி மாவட்டத்தின் வடபகுதி இது. பெரம்பலூர் 1995இல் தனி மாவட்டமானது. அரியலூர் 2001இல் பிரிந்து, மறுபடி இணைந்து, 2007இல் மீண்டும் தனியானது. கொள்ளிடக் கரையை விட்டால் பெரும்பாலும் மானாவாரி பூமி. சோளம், கம்பு, வரகு விளைந்த மண்ணில் நெல்லுச்சோறு பல வீடுகளில் பண்டிகைக்குத்தான். கூழை எல்லோரும் ஆசைப்பட்டுக் குடித்தார்கள் என்று எழுதினால் அது பொய். வேறு வழியில்லாமல் குடித்தவர்களே அதிகம்.

ரேஷன் அரிசி 2006இல் கிலோ 2 ரூபாய்க்கும், 2008இல் 1 ரூபாய்க்கும் வந்தது. 2011 ஜூன் முதல் இலவசம். பசியைத் துரத்திய அந்தத் திட்டத்தைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை. இடையில், 2007இல், அதே கடைக்குப் பாமாயிலும் வந்து சேர்ந்தது. கம்பும் வரகும் நின்ற காடுகளில் இன்று மக்காச்சோளம். பெரும்பகுதி கோழித் தீவனத்துக்குப் போகிறது. கூழ் ஆடி மாத மாரியம்மன் கோயிலுக்கும் வெயில்காலத் தள்ளுவண்டிக்கும் ஒதுங்கிவிட்டது.

கூழ் ஒதுங்கி எண்ணெய் வந்த இந்த மாற்றத்தோடுதான் ஈரலின் கதையும் சேர்கிறது. ஈரலுக்குப் போகும் ரத்தத்தில் முக்கால் பங்கு குடலிலிருந்து வருகிறது. எண்ணெயும் மாவும் இனிப்பும் மிகுந்து, உடலுழைப்பும் குறைந்தால் ஈரலில் கொழுப்பு படியும். குடலின் தடுப்புச் சுவர் தளர்ந்தால் கிருமிகளின் நச்சும் அங்கே போய் அழற்சியைத் தூண்டும். இந்தியப் பெரியவர்களில் 38.6 சதவீதம் பேருக்குக் கொழுப்பு ஈரல் இருப்பதாக 2022இல் வெளியான தொகுப்பாய்வு மதிப்பிட்டது. கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்த எலிகளில், புளித்த உணவுகளும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களும் அந்தப் படிவைக் குறைத்ததைப் பல சோதனைகள் காட்டியுள்ளன. மனிதர்களிடம் அவ்வளவு உறுதியான சான்று இன்னும் சேரவில்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி புளித்த உணவான பழைய சோற்றை ஆய்வுக்கு எடுத்ததும் குடல் நோய்களுக்காகத்தான்.

ஆகவே கூழை மருந்தென்று விற்பவரை நம்ப வேண்டியதில்லை. எண்ணெயே படாத காலை உணவு, தவிடு போகாத தானியம், நாள் முழுக்க வெயிலில் வேலை என எல்லாம் சேர்ந்தே கூழ் குடித்தவர்களின் உடம்பைக் காப்பாற்றியிருக்க வேண்டும். புளிப்புக்கு மட்டும் பெருமை கொடுப்பது சரியல்ல.

அந்தத் தானியங்களை மறுபடி அடுப்படிக்குக் கொண்டுவர வழி உண்டு. நீலகிரி, தருமபுரி ரேஷன் கடைகளில் 2023இல் 2 கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியது அரசு. பெரம்பலூர், அரியலூர்க் கடைகளில் கம்புக்கும் வரகுக்கும் அந்த இடத்தைக் கொடுக்க வேண்டும். இங்குள்ள உழவர்களிடமே நல்ல விலைக்கு அவற்றை வாங்கவும் வேண்டும்.